வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’: கேள்வி பதில்

அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் 1975 ஆல்பம் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள். முதல் பாட்டில் தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேளுங்கள். மொத்தமே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ஷஃபிளில் போட்டால் கதை போய்விடும்.

கேள்வி: ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான் காதில் விழுகிறது. இதையா கன்ட்ரி இசையின், அதாவது அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த பாட்டு மரபின், உச்சம் என்கிறார்கள்?

பதில்: கதையைத் தெரிந்துகொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு போதகர். மனைவி அவரை விட்டுவிட்டு வேறொருவனோடு போய்விடுகிறாள். அவர் தேடிப் போகிறார், இருவரையும் கண்டுபிடிக்கிறார், சுட்டுக் கொல்கிறார். பிறகு ஒரு கறுப்புக் குதிரையில் ஏறி, இறந்த மனைவியின் குதிரையையும் கூடவே நடத்திக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். டென்வரில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். கதை அங்கிருந்து மெல்லத் திசை மாறுகிறது.

இந்த மனிதன் தனியாகக் குதிரை மேல் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் நாற்பது வயலின் இழைத்தால் எப்படி இருக்கும்? அந்த வெறுமை கதைக்குத் தேவைப்பட்டது. ‘டைம் ஆஃப் த ப்ரீச்சர்’ மெட்டு மூன்று இடங்களில் வருகிறது. ஒவ்வொரு முறையும் அவர் மனநிலை வேறு. வாத்தியங்கள் வரும் இடங்களையும் கவனியுங்கள். டென்வருக்குப் பிறகுதான் நடன மெட்டுகளே வருகின்றன. ‘ஓவர் த வேவ்ஸ்’ என்பது ஹுவெந்தினோ ரோசாஸ் என்ற மெக்சிகோ இசையமைப்பாளரின் பழைய வால்ட்ஸ். அடுத்து ‘டவுன் யாண்டர்’, வில்லியின் அக்கா பாபி நெல்சனின் பியானோ. அவ்வளவு நேரம் இறுக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அங்கேதான் மூச்சு வரும். இந்த ஏற்பாட்டை யோசித்த மனிதர் மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

கேள்வி: எங்கிருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும்? ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்’ மட்டும் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. அது ஐந்தாவது பாட்டு. கொலைக்குப் பின் வருகிறது. அதைத் தெரிந்து கேட்டால் அந்தப் பாட்டே வேறு.

கேள்வி: கம்பெனிக்காரர்கள் இதை டெமோ, அதாவது வெறும் மாதிரிப் பதிவு, என்று நினைத்தார்களாமே? அப்புறம் எப்படி வெளியிட்டார்கள்?

பதில்: நினைத்தார்கள். டல்லஸ் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில் ஆட்டம் சவுண்ட் என்ற ஸ்டுடியோ. 1975 ஜனவரியில் தன் சொந்தக் குழுவோடு சில நாட்களில் பதிவை முடித்துவிட்டார். செலவு சுமார் 4,000 டாலர் என்பார்கள். மிக்கி ரஃபேலின் ஹார்மோனிகா, பால் இங்கிலிஷின் டிரம்ஸ், பீ ஸ்பியர்ஸின் பேஸ், அக்காவின் பியானோ. பல இடங்களில் அவர்களும் ஒதுங்கி நிற்பார்கள். இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியாவின் அதிகாரிகளுக்கு இது முடிக்காத வேலையாகத்தான் பட்டது. மேலே வேறு வாத்தியங்கள் சேர்க்கலாமா என்ற பேச்சும் வந்தது.

வெளியிட்டதற்குக் காரணம் ஒப்பந்தம். என்ன பதிவு செய்வது, எப்படிப் பதிவு செய்வது என்ற முடிவு அவருடையது என்று முன்னாலேயே எழுதி வாங்கியிருந்தார். கன்ட்ரி இசைத்தொழிலின் தலைநகரமான அன்றைய நாஷ்வில்லில் பெரும்பாலான பாடகர்களுக்குப் பாட்டு, வாத்தியக்காரர், மெருகு எல்லாவற்றையும் தயாரிப்பாளர்தான் தீர்மானித்தார். கலைஞனின் துணிச்சல் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்தத் துணிச்சலைக் காப்பாற்றியது ஒரு காகிதம். இசைத்துறையில் இருக்கும் தம்பி, தங்கைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

கேள்வி: ஆக, நாஷ்வில் வில்லியை நசுக்கியது, அவர் டெக்சாஸ் போய்ப் பழிவாங்கினார். இதுதானே உண்மை?

பதில்: பாதிதான் உண்மை. 60களில் ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் அவர் போட்ட தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. அவர் குரல் தாளத்துக்கு முன்னும் பின்னும் சாய்ந்து நடக்கும். அதன் மேல் வயலினும் கோரஸும் ஏற்றினார்கள், பொருந்தவில்லை. 1972 வாக்கில் ஆஸ்டினுக்குப் போனார். அங்கே ஹிப்பி இளைஞர்களும் தொப்பி போட்ட பண்ணைக்காரர்களும் ஒரே கூடத்தில் நின்று கேட்டார்கள். சரி. ஆனால் இந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்திய ‘ப்ளூ ஐஸ்’ யார் எழுதியது? ஃப்ரெட் ரோஸ். 1942இல் ராய் அகஃப்புடன் சேர்ந்து நாஷ்வில்லில் பாடல் பதிப்பு நிறுவனம் தொடங்கியவர். அந்த ஊரின் இசைத்தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர்.

அதே நண்பர் மீண்டும்: அது பழைய நாஷ்வில். நான் சொல்வது 60களின் வயலின் நாஷ்வில்.

பதில்: அப்படியானால் ‘க்ரேஸி’யை என்ன செய்வீர்கள்? வில்லி எழுதியது. 1961இல் பாட்சி க்ளைன் பாடினார், ஓவன் பிராட்லி தயாரித்தார். பின்னணிக் குரல்கள், வழவழப்பான பியானோ, நீங்கள் திட்டும் எல்லாமும் அதில் இருக்கிறது. ஒரு நொடியையாவது அதிலிருந்து எடுத்துவிட முடியுமா? பாட்சியின் குரலுக்கு அந்த மெத்தை வேண்டியிருந்தது. வில்லியின் குரலுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே முறையை எல்லார் மேலும் போட்டதுதான் தவறு. முறையே தவறு என்று சொல்லாதீர்கள்.

இன்னொருவர்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1976இல் ‘வான்டட்! தி அவுட்லாஸ்’ வந்ததும் அந்த ‘அவுட்லா’ (சட்டத்துக்கு அடங்காதவன்) பெயரை வைத்து நாஷ்வில்தானே காசு பார்த்தது?

பதில்: பார்த்தது. பத்து லட்சம் விற்பனைக்கான பிளாட்டினம் அங்கீகாரம் பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பம் அது. வெளியிட்டது அதே ஆர்.சி.ஏ. வில்லி, வேலன் ஜென்னிங்ஸ், ஜெசி கோல்ட்டர், டாம்பால் கிளேசர் ஆகியோரின் பாட்டுகளைத் தொகுத்து, பழைய மேற்கின் ‘தேடப்படுகிறார்’ சுவரொட்டி போல அட்டை போட்டார்கள். கலகத்தை விற்பனைச் சரக்காக்கினார்கள் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘ஸ்ட்ரேஞ்சர்’ அந்தச் சுவரொட்டிக்கு முன்பே வந்தது. அதைக் கலகக் கொடியாக மட்டும் பார்த்தால் பாட்டு காதில் விழாமல் போகும். என் வருத்தம் அதுதான்.

கேள்வி: எங்கிருந்து ஆரம்பிப்பது, சார்?

பதில்: முதல் பாட்டிலிருந்து. வரிசையாக.

கேள்வி: கொலைகாரனுக்குக் கடைசியில் காதலும் அமைதியும் கிடைக்கிறது. தலைப்புப் பாட்டில் குதிரையைத் தொட்ட இன்னொரு பெண்ணையும் சுடுகிறான், குதிரைத் திருட்டு என்று விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு இது உறுத்தவில்லையா?

பதில்: உறுத்துகிறது. உறுத்தவும் வேண்டும். அந்தப் பாட்டு வில்லி எழுதியதில்லை. 50களில் எடித் லிண்டமனும் கார்ல் ஸ்டட்ஸும் எழுதியது. வில்லி ஃபோர்ட் வொர்த்தில் வானொலி அறிவிப்பாளராக இருந்தபோது குழந்தைகள் தூங்கும் நேரத்துக்கு அதைப் போடுவாராம். தன் பிள்ளைகளுக்கும் பாடியிருக்கிறார். அந்தப் பழைய பாட்டுக்கு முன்கதையும் பின்கதையும் கட்டியதுதான் இந்த ஆல்பம்.

அவர் அந்த மனிதனுக்கு மன்னிப்பு வழங்கவில்லை என்றுதான் நான் கேட்கிறேன். கொலைகளுக்குப் பின் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ வருகிறது. மனந்திரும்புகிறவர்களைப் பீடத்தருகே அழைக்கும்போது தேவாலயங்களில் பாடும் கீர்த்தனை. அதை வார்த்தையில்லாமல், வெறும் இசையாக வைத்திருக்கிறார். போதகராக இருந்தவனுக்கு அந்த வார்த்தைகள் மனப்பாடம். ஆனால் வாயில் வரவில்லை. அக்காவும் தம்பியும் ஆபட் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, மெதடிஸ்ட் தேவாலயத்தில் வாசித்துப் பழகியவர்கள். எந்தக் கீர்த்தனையை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: அவருடைய கிடாரில் ஓட்டை இருக்கிறதே, ஏன்?

பதில்: அது ‘ட்ரிகர்’. மார்ட்டின் என்-20, நைலான் தந்தி. விரலால் மீட்டுவதற்கான கிளாசிக்கல் கிடாரில் மரத்தைக் காக்கும் தகடு இருக்காது. அவர் பிக் என்ற சிறு வில்லையை வைத்து வாசிக்கிறார். அது உரசி உரசியே மரம் தேய்ந்து ஓட்டை விழுந்தது. 1969 முதல் அதே கிடார்தான்.

கேள்வி: அவர் வரிப் பாக்கி விவகாரம் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: அது 1990 சமாச்சாரம். இந்த ஆல்பத்துக்குச் சம்பந்தமில்லை. வரிச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: உண்மையில் எவ்வளவு விற்றது?

பதில்: கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடம். பொதுப் பட்டியலில் 28. அமெரிக்காவில் இரட்டை பிளாட்டினம், அதாவது 20 லட்சம் பிரதிகள். ‘ப்ளூ ஐஸ்’ தான் பாடகராக அவருடைய முதல் நம்பர் ஒன். அப்போது வயது 42. சிறந்த ஆண் கன்ட்ரி பாடகருக்கான கிராமியும் அதற்குத்தான். பிறகு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இந்த ஆல்பம் சேர்ந்தது.

கேள்வி: எந்தப் பதிப்பு வாங்கலாம்? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: இரண்டாவது கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. இனி அதற்குப் பதில் எழுத மாட்டேன். பதிப்பைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. 2000இல் வந்த மறுபதிப்பில் கூடுதலாக நான்கு துண்டுகள் சேர்த்திருக்கிறார்கள். தனியாகக் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஆல்பம் பதினைந்தாவது துண்டான ‘பண்டேரா’வோடு முடிகிறது. அங்கே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில்: பின்னோக்கிப் போங்கள். 1974இன் ‘ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்’. அலபாமாவில் மசில் ஷோல்ஸில் ஜெரி வெக்ஸ்லர் தயாரித்தது. ஒரு மணமுறிவு. தட்டின் முதல் பக்கம் மனைவி சொல்வது, மறுபக்கம் கணவன் சொல்வது. அதையும் வரிசையாகத்தான் கேட்க வேண்டும்.