அப்பாவின் இடுப்பில் ஓடும் சிவப்புக் கோடு

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. வெங்காயமும் புகையிலையும் செய்தவர். எப்.பீ.சீ. என்ற இரத்தக் கலச் சோதனை எடுத்தபோது, வெண்குழியத்தில் ஒரு வகையான இயோசினோபில் 19 சதவீதம். இன்ரநெற்றில் பார்த்தால் இரத்தப் புற்றுநோய் என்று வருகிறது. முட்டுக்கு, அதாவது மூச்சிழுப்புக்கு, பாமசியில் வாங்குகிற பிரெட்னிசொலோன் குளிசையைப் பத்து நாள் போட்டதும் 2 சதவீதமாகக் குறைந்தது. விட்டதும் திரும்பக் கூடிவிட்டது. தொடர்ந்து கொடுக்கலாமா? நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? நாங்கள் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பூச்சிக் குளிசை போடுகிறவர்கள்.
— ஓர் ஆசிரியை, வலிகாமம்

பதில்: பிள்ளை, உங்கள் நாலு பக்கக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மகன் பல் நறுமுகிற கதைக்கும் பப்பாசி விதைக் கதைக்கும் நடுவில் ஒரு வரி கிடக்கிறது. "சாரம் கட்டுகிற இடத்தில் கோடு மாதிரித் தடித்துக் கடிக்கும், பின்னேரம் பார்த்தால் இருக்காது, சாரத்துச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லைப் போல." சாயமாக இருந்தால் சாரம் முட்டுகிற இடமெல்லாம் கடிக்கும். கோடு போட்டு ஓடாது. மிச்ச மூன்றே முக்கால் பக்கத்தையும் விட்டுவிட்டு நான் அந்த வரிக்குத்தான் பதில் எழுதப்போகிறேன்.

அதற்கு முதல் அந்தப் பிரெட்னிசொலோன் குளிசை, அது ஒரு ஸ்டீரொயிட். இப்போது போடவில்லை என்றால் திரும்பத் தொடங்க வேண்டாம். நீங்கள் எழுதிய பிறகு தொடங்கிக் கிழமைக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீரொயிட் அதற்குள் படுத்திருக்கும். நாளைக்கே ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இழுக்கிற பம்மை மட்டும் நிறுத்த வேண்டாம், அது வேறு கதை.

புற்றுநோய்ப் பயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் சரி, பிளேட்லெட் சரி, வழமைக்கு மாறான கலம் எதுவும் எழுதப்படவில்லை. ஈரல், மண்ணீரல் வீங்கவில்லை என்று ஸ்கானும் சொல்கிறது. இயோசினோபில் கூடுகிற இரத்தப் புற்றுநோய் இருக்கிறது, ஆனால் அபூர்வம். வெறுங்காலோடு நாற்பது வருசம் தோட்டத்தில் நின்ற ஒரு மனுசனுக்கு 19 சதவீதம் என்று கண்டால், எங்கள் நாட்டில் எந்த டொக்டரும் முதலில் நினைப்பது பூச்சியைத்தான். இன்ரநெற் அப்பாவின் காலைப் பார்க்கவில்லை.

எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். ரிப்போர்ட் சொல்வது நேர்மாறானது. அவருடைய எதிர்ப்புச் சக்தி இரவு பகலாக வேலை செய்கிறது, அந்த 19 அதற்குச் சாட்சி. பக்டீரியா என்றால் வெண்குழியம் விழுங்கிவிடும். ஒரு வட்டப்புழு ஒரு அடி வரை நீளும். வெண்குழியமோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. விழுங்க முடியாத ஆளைத் தள்ளித்தான் விழுத்த வேண்டும். குடலின் உட்சுவரில் நுனியில் மயிர்க்கற்றை வைத்த சில கலங்கள் உண்டு. இவை என்னத்துக்கு இருக்கின்றன என்று வெகு காலம் சரியாகப் புரியாமல் இருந்தது. புழு வந்திருப்பதை மோப்பம் பிடித்து முதல் தகவல் கொடுப்பவை இவைதான் என்று 2016இல் தெளிவானது. இவை இன்ரலூக்கின்-25 என்ற இரசாயனத்தை விடும். அது போய் மற்ற எதிர்ப்புக் கலங்களை எழுப்பும். அவை விடுகிற இன்ரலூக்கின்-13 குடலில் சீதத்தைப் பெருக்கும், அசைவைக் கூட்டும், புழு பிடித்துக்கொண்டிருக்கிற உட்சுவரையே வேகமாக உரித்துப் புதுப்பிக்கும். எங்கள் ஆச்சிமார் பேதி கொடுத்துச் செய்த வேலையை உடம்பு தன்பாட்டில் செய்து பார்க்கிறது.

இன்ரலூக்கின்-4 ஐ.ஜி.ஈ. என்கிற பிறபொருளெதிரியைப் பெருக்கும். தும்மலுக்கும் தோல் கடிக்கும் நாங்கள் குற்றம் சாட்டுகிற அதே ஐ.ஜி.ஈ.தான். இன்ரலூக்கின்-5 என்பு மச்சைக்குப் போய் இயோசினோபிலைக் கேட்கும். 1879இல் போல் ஏர்லிக் என்ற ஜேர்மன் வைத்தியர் இயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் போட்டுப் பார்த்தபோது சில வெண்குழியங்களின் மணிகள் மட்டும் பளிச்சென்று சிவந்தன. பெயர் அப்படி வந்தது. அந்தச் சிவந்த மணிகளுக்குள் இருப்பது நஞ்சு மாதிரியான புரதங்கள். புழுவின் குடம்பி, அதாவது குஞ்சு, தோலுக்குள்ளாலோ சுவாசப்பைக்குள்ளாலோ போகும்போது இயோசினோபில் கூட்டமாக அதன் மேல் ஒட்டி அந்தப் புரதங்களைக் கொட்டும். அதில் எங்கள் திசுவும் கொஞ்சம் வெந்துபோகும். அப்பாவின் கடியிலும், முட்டிலும்கூட ஒரு பங்கு இதனால் வருவதாக இருக்கலாம்.

புழுவும் சும்மா இருப்பதில்லை. தாக்குதலை அடக்கச் சொல்கிற பொருட்களை அது தானே சுரக்கிறது. உடம்பிலும் அடக்குகிற வகை எதிர்ப்புக் கலங்கள் கூடுகின்றன. ஒரேயடியாகத் துரத்தப்போனால் குடலே புண்ணாகிவிடும் என்பதால் உடம்பும் ஓரளவோடு நின்றுவிடும். எங்களூர் எல்லைவேலி வழக்கு மாதிரி, தீர்ப்பும் வராது, வழக்கும் முடியாது, இரண்டு வீட்டுக்காரரும் அதே வளவுகளில் சீவித்துக்கொண்டிருப்பார்கள். புழு இருந்தால் ஒவ்வாமை குறையும் என்று நீங்கள் வாசித்த கதை இங்கிருந்துதான் வந்தது. அதை நம்பிக் கொழுக்கிப்புழுவை வேண்டுமென்றே தோலில் ஏற்றிக்கொண்ட வெள்ளைக்காரரும் இருக்கிறார்கள். புழு முட்டையை மருந்தாகக் கொடுத்துச் செய்த பெரிய பரிசோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அப்பாவின் முட்டுக்குப் புழுவை விட்டுவைக்கிற யோசனை வேண்டாம்.

இனி அந்தக் கோடு. நான் சந்தேகப்படுவது ஸ்ட்ரொங்கிலொயிடஸ் என்ற புழுவை. அமெரிக்கர் நூல்புழு என்பார்கள். பிள்ளைகளுக்கு இரவில் பின்பக்கம் கடிக்க வைக்கிற கீரிப்பூச்சி வேறு, அதோடு குழப்ப வேண்டாம். பெண் புழு இரண்டு மில்லிமீற்றர், குடல் சுவருக்குள் புதைந்திருக்கும். ஆண் இல்லாமலே முட்டை இடும். மலம் கலந்த ஈர மண்ணில் இருக்கும் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, இரத்தத்தோடு சுவாசப்பைக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் இறங்கும். இதுவரை கொழுக்கிப்புழுவும் அப்படித்தான். வித்தியாசம் இதற்குப் பிறகு. கொழுக்கிப்புழுவின் முட்டை வெளியே போய் மண்ணில்தான் பொரிக்க வேண்டும், அதனால் சில வருசத்தில் அந்தப் புழுக்கள் கிழடாகிச் செத்து முடிந்துவிடும். ஸ்ட்ரொங்கிலொயிடஸ் முட்டை குடலுக்குள்ளேயே பொரிக்கும். குடம்பிகளில் சில வெளியே போகாமல் பெருங்குடலாலோ ஆசனவாய்த் தோலாலோ திரும்ப உள்ளே ஏறிவிடும். அப்படித் தோலுக்குக் கீழே ஓடுகிறபோதுதான் பின்பக்கத்தில், தொடையில், இடுப்பில் அந்தச் சிவப்புக் கோடு. மணித்தியாலத்துக்கு ஐந்து, பத்து சென்ரிமீற்றர் நீளும், சில மணித்தியாலத்தில் மறையும், பிறகு ஒரு நாள் இன்னோர் இடத்தில் வரும்.

ஆகவே இதற்குக் காலாவதி கிடையாது. 1942-43இல் யப்பான்காரர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோன பிரித்தானியக் கைதிகள் ஊர் திரும்பிப் பல பத்து வருசங்களுக்குப் பிறகும், குளிர்நாட்டிலேயே வாழ்ந்தும், அவர்களில் சிலரின் உடம்பில் இந்தப் புழு இருந்தது. அப்பா தோட்டத்தை விட்டு எட்டு வருசம் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருசம் இதற்கு ஒன்றுமில்லை.

இதுவரை பயப்பட எதுவுமில்லை. பலர் இதோடு வயதாகிப் போகிறார்கள். பயப்பட வேண்டியது அந்தச் சின்னக் குளிசைக்கு. பிரெட்னிசொலோன் போட்டால் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே இயோசினோபில் இரத்தத்தில் குறையத் தொடங்கும். 19, 2 ஆனது அதனால்தான். நீங்கள் அதைச் சுகம் என்று எண்ணிவிட்டீர்கள். புழு குறையவில்லை, காவல்தான் குறைந்தது. அடக்க ஆளில்லாதபோது உள்ளே ஏறுகிற குடம்பி ஆயிரக்கணக்காகப் பெருகும். குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறபோது குடலில் உள்ள பக்டீரியாவையும் இரத்தத்துக்குள் காவிக்கொண்டு போகும். காய்ச்சல், வயிறு ஊதிச் சத்தி, சளியில் இரத்தம், கழுத்து விறைப்பு, தொப்புளைச் சுற்றி ஊதாத் தடிப்பு என்று வந்தால் அது மூளைக்காய்ச்சலாகவோ இரத்தம் நஞ்சேறியதாகவோ இருக்கும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் வைத்தியம் செய்தும் பலர் தப்புவதில்லை. அப்போது எடுக்கிற எப்.பீ.சீ.யில் இயோசினோபில் பெரும்பாலும் கூடியிருக்காது. இன்னொரு சங்கடம், குடம்பி சுவாசப்பையால் போகிறபோதும் முட்டு வரும். முட்டென்று ஸ்டீரொயிட் போட, புழு கூட, முட்டும் கூட, குளிசையும் கூடும்.

பழைய துண்டைக் காட்டியதும் பிரெட்னிசொலோனை எண்ணிக் கொடுக்கிற பாமசிக்காரரைப் பற்றி நான் நிறைய எழுதலாம். ஆசிரியர் வெட்டிவிடுவார்.

செய்ய வேண்டியது இது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மருத்துவக் கிளினிக்குக்கோ உங்கள் பொது வைத்திய நிபுணரிடமோ போங்கள். "இயோசினோபில் கூட, இடுப்பில் ஓடுகிற கோடு, அடிக்கடி பிரெட்னிசொலோன் எடுத்தவர்" என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். மூன்றையும் சேர்த்துக் கேட்கிற டொக்டருக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. மலத்தை ஒரு தரம் பார்த்து "பூச்சி இல்லை" என்று எழுதித் தந்தால் அதோடு விடாதீர்கள். இந்தப் புழு மலத்தில் முட்டையாக வராது, குடம்பியாகத்தான் வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு தரத்தில் பிடிபடாமல் போவதுதான் வழமை. வேறு வேறு நாளில் எடுத்த புது மலம் வேண்டும், குடம்பியைத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். இரத்தத்தில் பிறபொருளெதிரி பார்க்கிற சோதனையும் உண்டு. கோடு திரும்ப வந்தால் அதன் இரண்டு முனையிலும் பேனையால் புள்ளி வைத்துப் போனில் படம் எடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து அதே இடத்தை இன்னொரு படம் எடுங்கள். எந்த லாப் ரிப்போர்ட்டையும் விட எனக்கு அது போதும்.

மருந்து ஐவர்மெக்டின். உடல் நிறையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கு, ஒன்றோ இரண்டோ நாள், சிலருக்குத் திரும்பவும். கொரோனாவுக்கு உதவாமல் உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்த அதே மருந்துதான். அதைக் கண்டுபிடித்ததற்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தது இந்த மாதிரிப் புழுக்களுக்காக. அதையும் பாமசியில் நீங்களாக வாங்கிவிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போடுகிற மெபெண்டசோல் ஒற்றைக் குளிசை வட்டப்புழுவுக்கு நல்லது. ஸ்ட்ரொங்கிலொயிடஸ் அதைக் கணக்கெடுக்காது. ஆகவே "நாங்கள் பூச்சிக் குளிசை போடுகிறவர்கள்" என்பது இங்கே உதவாது.

இதற்குள் கடுமையான முட்டு வந்தால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே ஸ்டீரொயிட் ஊசி தேவைப்பட்டால் போடத்தான் போவார்கள், போடட்டும். புழுச் சந்தேகத்தைச் சொன்னால் ஐவர்மெக்டினையும் சேர்த்துக் கொடுப்பது பற்றி யோசிப்பார்கள். அந்தச் சந்தேகத்தைக் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள். மூட்டுவாதம், சிறுநீரகம், தோல் என்று பின்னொரு காலத்தில் வேறு யாரும் ஸ்டீரொயிட் எழுதப்போனாலும் கண்ணில் படும்.

மிச்சத்துக்குச் சுருக்கமாக. மகன் பல் நறுமுகிறதுக்கும் பூச்சிக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. சீனி தின்றால் பூச்சி பிறக்காது, பல் சூத்தையாகும். பப்பாசி விதையை விடுங்கள். சக்தி கூட்டுகிற சிரப் எதுவும் வாங்க வேண்டாம், அப்பாவிடம் இருக்கிற சக்தியே அவருக்குக் கடிக்கிறது. யானைக்கால் பற்றிய பயமும் வேண்டாம். அது இந்த நாட்டில் மேற்கு, தெற்குக் கரையோரத்து வருத்தம். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தும் விட்டது.

அம்மாவும் அப்பாவோடு களை பிடுங்கினவர் என்று கடைசிப் பக்கத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நீரிழிவு இருக்கிறது, மூட்டுக்கு ஊசி போடப்போவதாகவும் சொல்கிறீர்கள். அதுவும் பெரும்பாலும் ஸ்டீரொயிட்தான். அந்த ஊசிக்கு முதல் அவருக்கும் ஒரு எப்.பீ.சீ. எடுங்கள்.