வழிகாட்டிகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?

கேள்வி: அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கும் 20 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தன்னார்வலரை வழிகாட்டியாக அமர்த்தினோம். ஒரு நாள் முழுக்கப் பயிற்சியும் கொடுத்தோம். தீபாவளிக்குள் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். எங்கே கோட்டை விட்டோம்?
– ஓர் ஒருங்கிணைப்பாளர், தருமபுரி

பதில்: பயிற்சிக்குப் பிறகு அவர்களை யார் கூப்பிட்டு விசாரித்தது? பெரும்பாலும் அங்கேதான் அறுந்துபோகிறது. இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் பிள்ளை எதைக் கேட்டாலும் "ம்", "தெரியல" என்றே சொல்லும். இவர் திரும்பவும் வருவாரா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வழிகாட்டி மெல்ல ஒதுங்கிவிடுவார்.

முதல் சந்திப்பு முடிந்த இரண்டு நாளுக்குள் போன் செய்யுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. "எல்லாம் நல்லாப் போகுதா?" என்றால் "போகுது சார்" என்பதோடு முடிந்துவிடும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றீர்கள் என்று கேளுங்கள். வேறு வேலையும் பார்க்கும் ஒருவரால் பத்துப் பன்னிரண்டு வழிகாட்டி–பிள்ளை ஜோடிகளைத்தான் இப்படிக் கவனிக்க முடியும். உங்களுக்கு இன்னொரு ஆள் தேவை.

பயிற்சியை இரண்டு இரண்டு மணி நேரமாக மூன்று மாலைகளாகப் பிரியுங்கள். மூன்றாவதை ஆறு வாரம் கழித்து வையுங்கள். உண்மையான சந்தேகங்கள் அப்போதுதான் வரும். முதல் மாலை முழுக்கக் காது கொடுக்கப் பழக்குங்கள். ஒருவர் மாணவனாக உட்கார்ந்து, "அண்ணா, படிப்பு வேணாம், ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போறேன்" என்று சொல்லட்டும். மற்றவர் ஐந்து நிமிடம் அறிவுரையே சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். பலர் முதல் நிமிடத்திலேயே "படிப்புதான்பா முக்கியம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "வீட்ல யாருக்குத் தெரியும்? சம்பளம் வந்ததும் முதல்ல என்ன பண்ணுவே?" என்று கேட்டால்தான் அப்பாவின் கடன் வெளியே வரும். இரண்டாவது மாலை எல்லைகளுக்கு: சந்திப்பு பள்ளி வராந்தா, நூலகம் போல நாலு பேர் கண்ணில் படும் இடத்தில், கடன் கொடுக்கக் கூடாது, பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் போடக் கூடாது.

ஆள் எடுக்கும்போதே ஒரு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருடமாவது நீடித்த உறவுகளே அதிகப் பலன் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்திருந்தது. மாற்றல் வரும் என்று எதிர்பார்ப்பவரை விண்ணப்பம் நிரப்ப உதவுவது போன்ற ஒரு நாள் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நின்றுபோன அந்த எட்டுப் பேரும் கடைசியாக ஒரு முறை வந்து, பிள்ளையிடம் நேரில் சொல்லிக்கொண்டு போகட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா, அப்பதான் சொல்வேன்" என்கிறாள் என்னிடம் வரும் மாணவி. என்ன செய்வது?
– ஒரு வழிகாட்டி, சேலம்

பதில்: சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா மட்டும், உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்வேன். அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னதோடு அந்தக் கடமை தீராது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் அழைக்கலாம்.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது விசாரிப்பவர் வேலை. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு அன்றே எழுதி வையுங்கள். சம்பந்தப்பட்ட ஆளிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். அடுத்த சந்திப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் வராவிட்டால், சொன்னது தன் தப்பு என்றே அவள் நினைத்துக்கொள்வாள்.