எப்போது சேர்ந்திருந்தீர்கள்?

"வணக்கம். பெரியண்ணா 1988இல் பாரிசுக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்கு அவர் கட்டிய காசில்தான் 1996இல் அம்மாவும் நானும் கனடா வந்தோம். அம்மா போனபிறகு அவர் ரெலிபோன் எடுப்பதே குறைவு, எடுத்தாலும் பழைய காசுக் கதை. இப்போது ஊர்க் காணிப் பிரச்சினை வேறு. 'பாரிஸ் மாமா பில்லோட வாறார்' என்று பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள். இப்படி விலகிப்போன சகோதரங்கள் திரும்பச் சேரலாமா?"

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

காணியை விடுங்கள். முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, யாருக்கு எப்படிப் போகும் என்பதற்கு யாழ்ப்பாணத் தமிழருக்கென்று தேசவழமைச் சட்டம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் நல்ல நொத்தாரிசு ஒருவரைப் பிடித்தால் சொல்லுவார்.

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். விலகிப்போனோம் என்கிறீர்கள். எப்போது சேர்ந்திருந்தீர்கள்? ஐந்து வயதில் விட்டுப் போன அண்ணாவை உங்களுக்கு ரெலிபோனில்தான் தெரியும். அவருக்கும் உங்களை அப்படித்தான். நடுவில் அம்மா இருந்து இரண்டு பக்கத்துக் கதையையும் கொண்டுவந்து கொடுத்தார், இப்போது அவர் இல்லை, அவ்வளவுதான்.

என் பெரியண்ணர் 1985இல் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் போய் இறங்கினார். அப்போது எங்கள் பெடியள் நிறையப் பேர் போன பாதை அது. கிழக்கு ஜெர்மனிக்காரர் ட்ரான்சிற் விசா கொடுத்துவிடுவார்கள், கிழக்கையும் மேற்கையும் பிரித்து நகரத்தின் நடுவில் ஓடிய அந்தப் பிரிகோட்டை மேற்குப் பக்கத்தார் நாட்டெல்லையாக ஒத்துக்கொள்ளாததால் ரயிலில் வருகிறவர்களை அங்கே மறித்துக் கேட்பதில்லை, ஏறி இருந்தால் மேற்கு பெர்லின். பிறகு பாரிஸ், லா ஷப்பல் பக்கம் முறை வைத்துப் படுக்கிற ஒரு அறை, ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. அக்காவின் கலியாணம், தம்பியின் ஏஜென்சிக் காசு, என்னுடைய படிப்பு எல்லாம் அந்தத் தொட்டியிலிருந்து வந்தவை. அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது, இன்றைக்கும் அவர் நின்றபடிதான் சாப்பிடுவார். மேசையில் கோப்பை வைத்துக் கதிரையை இழுத்துப் போட்டாலும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் குசினிச் சுவரோடு சாய்ந்து நின்று, யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல அவசரமாகச் சாப்பிட்டு முடித்து, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார்.

உங்கள் அண்ணா சொல்லுகிற காசுக்கு வருகிறேன். அவர் அதைத் திருப்பிக் கேட்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? ஒரு சதம் கேட்டதாக நீங்களே எழுதவில்லை. பத்தொன்பது இருபது வயதுப் பெடியன் படிப்பை விட்டுப் போய் உழைத்தது அந்தக் காசு. நீங்கள் அந்தக் காசில் வந்து ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் போனீர்கள், பட்டம் எடுத்தீர்கள், வீடு வாங்கினீர்கள், நல்லது, அதற்குத்தான் அவர் அனுப்பினார். ஆனால் 'அண்ணா, அந்த நேரம் நீ என்ன பாடு பட்டாய்' என்று வீட்டில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்காதபடியால்தான் அவர் தொகையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், வேறு எதைச் சொல்லுவார் பாவம். பிள்ளைகளை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்கள் மாமாவைப் பகிடி பண்ணும்போது நீங்கள் சும்மா இருந்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

பாரிசுக்குப் போங்கள். கலியாண வீட்டுக்கு என்று போகாமல், பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தனியாகப் போய் அவர் வீட்டிலேயே ஒரு கிழமை நில்லுங்கள். முதல் வந்த குளிருக்கு யார் ஜக்கெற் கொடுத்தது, எங்கே படுத்தார், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று கேளுங்கள். காணிக் கதை வந்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுங்கள்.