எந்தக் காஓன் இறங்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர்க் கன்வென்ஷனில் பேசிய பிரசங்கியார், மாட்சிமைக்கு எபிரெயத்தில் 'காஓன்' என்று பெயர், வேதத்தில் அது தேவனுக்கு மட்டுமே வருகிற சொல் என்றார். அப்புறம் எல்லாரையும் எழுப்பி நிறுத்தி, "காஓன், என்மேல் இறங்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். எனக்கு என்னவோ போலிருந்தது, உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த அக்கா, "விசுவாசம் இல்லையா?" என்று கேட்டார். பிரசங்கியார் சொன்ன அர்த்தம் சரிதானா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பாதி சரி. மீதியையும் சொல்லியிருந்தால் கூட்டத்தில் பல பேர் உங்களோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"அழிவுக்கு முன்னானது அகந்தை" (நீதிமொழிகள் 16:18). ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிற வசனம். அந்த 'அகந்தை' மூலத்தில் என்ன சொல் தெரியுமா? சாட்சாத் காஓன்தான். (முதலெழுத்தைக் 'காந்தி'யில் வருகிற கா போல உச்சரிக்க வேண்டும்.) தேவனுக்கு மட்டுமே வருகிற சொல் என்பது இந்த ஒரு வசனத்திலேயே அடிபட்டுப் போகிறது.

சொல்லின் வேர் 'எழும்புதல், உயர்தல்'. அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. "சேறில்லாமல் நாணல் ஓங்கி வளருமோ?" என்று யோபு புத்தகத்தில் பில்தாத் கேட்கிறானே (8:11), அந்த 'ஓங்கி' இதே வேரிலிருந்து வந்ததுதான். எசேக்கியேல் கண்ட ஆற்றில் தண்ணீர் நீச்சல் ஆழத்துக்கு ஏறியதைச் சொல்வதும் அதே வேர். நாணல் ஓங்கலாம், தண்ணீர் ஏறலாம், தேவன் எழும்பலாம், மனிதனும் தலைகால் தெரியாமல் எழும்பலாம். நம்முடைய 'பெருமை'யும் இப்படித்தானே! "கர்த்தருடைய பெருமை" என்றால் கைகூப்புகிறோம், "அவனுக்கு ரொம்பப் பெருமை" என்றால் முகம் சுளிக்கிறோம்.

எனக்குப் பிடித்த இடம் எரேமியா 12:5. தனக்கு எதிராகச் சதி செய்கிறவர்களைப் பற்றித் தீர்க்கதரிசி புலம்புகிறார். ஆறுதல் வரவில்லை, கேள்விதான் வருகிறது: காலாட்களோடு ஓடியே இளைத்துப்போனால் குதிரைகளோடு எப்படி ஓடுவாய், யோர்தானின் காஓனில் என்ன செய்வாய்? நம் பழைய மொழிபெயர்ப்பு இதை "யோர்தான் பிரவாகித்து வரும்போது" என்று வெள்ளமாக எடுத்துக்கொண்டது. அதில் நியாயம் உண்டு. அறுப்புக்காலத்தில் யோர்தான் கரைபுரளும் என்று யோசுவாவிலேயே இருக்கிறது (3:15). ஆனால் பின்வந்த மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது ஆற்றோரப் புதர்க்காடு. யோர்தான் பள்ளத்தாக்குக்குள்ளேயே இன்னொரு தாழ்ந்த பள்ளம் உண்டு. ஆறு வளைந்து வளைந்து ஓடுவது அதில்தான். மேலே வறண்ட மண், கீழே சவுக்குபோலத் தெரிகிற மரங்களும் நாணலும் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்த பச்சை. அந்தக் காஓனிலிருந்து சிங்கம் கிளம்பி வருவதை எரேமியாவே பின்னால் சொல்கிறார் (49:19). நான் காட்டின் பக்கம். எப்படியானாலும், அந்தக் காஓனை யாரும் தன்மேல் இறங்கச் சொல்லிக் கேட்கமாட்டார்.

மனிதர் பக்கத்துக்கு வருவோம். சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 பட்டியல் போடுகிறது. "கெர்வமும், ஆகாரத்திரட்சியும்" என்று தொடங்கி, ஏழை எளியவனுடைய கையைப் பலப்படுத்தாமல் போனதில் முடிகிறது. அங்கே முதலில் நிற்கிற 'கெர்வம்' காஓன். மேடைக்குப் பின்னால் தன் படத்தையே ஆளுயரத்துக்கு அச்சடித்துக் கட்டிக்கொண்டு காஓனைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் இந்த வசனத்தையும் ஒருமுறை வாசிக்கலாம். (உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேனர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பொதுவாகச் சொன்னேன்.)

யூதர்கள் இந்தச் சொல்லை மனிதருக்கே பட்டமாகவும் கொடுத்திருக்கிறார்கள். பாபிலோனில் சூரா, பும்பெதித்தா என்ற இரண்டு பெரிய வேதக் கல்விக்கூடங்கள் இருந்தன. அவற்றின் தலைவருக்குக் காஓன் என்று பெயர். 10ஆம் நூற்றாண்டில் வேதத்தை அரபியில் பெயர்த்த சாதியா காஓன் அப்படி ஒருவர். இன்றைய எபிரெயத்திலோ காஓன் என்றால் மேதை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பையனையும் அங்கே காஓன் என்பார்கள்.

மாட்சிமைக்கு எபிரெயத்தில் இது ஒன்றுதான் சொல் என்றும் இல்லை. ஹோத், ஹாதார், காவோத் என்று இன்னும் உண்டு. அவற்றில் ஹாதார், முதியவரின் நரைக்கும் வருகிறது (நீதிமொழிகள் 20:29).

தேவனுடைய காஓன் உண்டா என்றால், தாராளமாக உண்டு. செங்கடலைக் கடந்தபின் பாடிய பாட்டில் வருகிறது (யாத்திராகமம் 15:7). ஏசாயா 2:10இலும் வருகிறது. அங்கே 'மகிமைப்பிரதாபம்' என்று தமிழில் நிற்கிறது. அந்த அதிகாரத்தை வீட்டில் உட்கார்ந்து முழுக்க வாசியுங்கள். தேவனுடைய காஓன் எழும்புகிற நாளில் மனிதர் கைதட்டுவதில்லை. வெள்ளியிலும் பொன்னிலும் செய்த விக்கிரகங்களை மூஞ்சூறுகளுக்கும் துரிஞ்சில்களுக்கும் (வௌவால்களுக்கும்) எறிந்துவிட்டு, கன்மலை வெடிப்புகளில் போய் ஒளிந்துகொள்கிறார்கள். உயர்ந்த கண்ணும், உயர்ந்த கோபுரமும், தர்ஷீசின் கப்பலும் ஒன்றுவிடாமல் தாழ்த்தப்படுகின்றன.

நீங்கள் உட்கார்ந்ததில் தவறில்லை. அந்த அக்காவைப் பார்த்தால் கோபப்படாமல் ஏசாயா 2ஐ எடுத்துக் காட்டுங்கள். பிரசங்கியார் அடுத்த வருடமும் வந்தால், எந்த வசனத்துக் காஓன் என்று கூட்டம் முடிந்ததும் நேரிலேயே கேட்டுவிடுங்கள்.