இருபதில் ஒன்றரை

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறையில் 35 நாளில் 20 புத்தகம் படிப்பேன் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாய்விட்டேன். ‘நீங்கள் ஐந்து புத்தகமாவது படியுங்கள்’ என்றும் சொன்னேன். மே மாதம் பாதி ஓடிவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் முடிந்தது, இரண்டாம் பாகம் பாதியில் நிற்கிறது. மதியம் புத்தகத்தைத் திறந்தால் பத்தாம் பக்கத்தில் கண் சொருகுகிறது. உடன் வேலை பார்க்கும் ஒருவர் தினமும் முடித்த புத்தகத்தின் அட்டையை ஸ்டேட்டஸில் வைக்கிறார். பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?
பி.கு.: நாத்தனார் பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்கள். வத்தல் வேலையும் ஓடுகிறது. எழுத்து கிறுக்கலாக இருந்தால் மன்னிக்கவும்.
– பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

அன்புள்ள டீச்சர்,

முதலில் கணக்கு. 35 நாளில் 20 என்றால் ஒன்றே முக்கால் நாளைக்கு ஒரு புத்தகம். மேலிடத்திலிருந்து இப்படி ஒரு சுற்றறிக்கை வந்திருந்தால் சங்கத்தில் சொல்லிப் போராட்டமே நடத்தியிருப்பீர்கள். நமக்கு நாமே போட்டுக்கொண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம்.

பி.கு. என்று அடியில் போட்டீர்களே, எனக்கு அதுதான் கடிதமாகப் பட்டது. ஏப்ரலில் விடைத்தாள் திருத்திவிட்டு வந்த கையோடு வீடு நிறையப் பிள்ளைகள், விடியுமுன் கூழ் கிண்டல். காலண்டரில் சிவப்பாகத் தெரிந்த 35 நாளும் உங்களுடையவை என்று நம்பிவிட்டீர்கள். அவற்றில் உங்கள் பங்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

நீங்கள் எடுத்திருக்கும் நாவலையே பாருங்கள். கல்கி அதை 1950இல் தொடங்கி 1954 வரை, மூன்றரை ஆண்டுக்கும் மேல் வாராவாரம் எழுதினார். பதிப்பைப் பொறுத்து இரண்டாயிரம் பக்கத்துக்கும் மேல் போகும் கதை. அன்று படித்தவர்கள் அதை வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் படித்தார்கள், வேறு வழியும் இல்லை. எங்கள் பாட்டி பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த கட்டு ஒன்று வீட்டில் இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அடுப்பு வேலைக்கு நடுவே படித்திருக்கிறாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று ஒரு வாரம் பொறுத்திருந்த தலைமுறை அது. நீங்கள் ஒன்பது நாளில் ஐந்து பாகத்தையும் விழுங்கப் பார்க்கிறீர்கள்.

ஆகவே எண்ணிக்கையைப் புத்தகத்தில் வைக்காதீர்கள், அத்தியாயத்தில் வையுங்கள். தொடர்கதை என்பதால் ஒவ்வொன்றும் சின்னதாக, அடுத்ததற்குக் கையைப் பிடித்து இழுக்கிற இடத்தில்தான் நிற்கும். எப்போது படிப்பது? வத்தல் பிழிந்து வேட்டியில் காயப்போட்ட பிறகு காக்காய், அணில் பார்க்க யாராவது மாடியில் உட்கார வேண்டுமே, அந்த ஆள் நீங்களாக இருங்கள். மாடிப்படி அறையின் நிழலில் ஒரு ஸ்டூல், கையில் புத்தகம், பக்கத்தில் ஒரு குச்சி. செல்போன் கீழேயே இருக்கட்டும். காவலுக்கு இருப்பவரை ‘சும்மா உட்கார்ந்திருக்கிறாள்’ என்று யாரும் சொல்ல முடியாது. (இது என் சொந்த அனுபவம். ஒரு வருடம் மும்முரத்தில் அணில் பாதி வத்தலைத் தின்றுவிட்டுப் போனது. ஆனாலும் அந்த வருடம் நான்கு நாவல் முடித்தேன்.)

மதியம் படிக்கவே படிக்காதீர்கள். நாலு மணிக்கு எழுந்த உடம்பு இரண்டு மணிக்குத் தூக்கம் கேட்கத்தான் செய்யும். தூங்குங்கள். ஸ்டேட்டஸ் வைப்பவரை ஜூன் வரை மியூட் செய்துவிடுங்கள், அவருக்குத் தெரியாது. மீதி மூன்று பாகங்கள் நூலகப் புத்தகங்கள் என்றால் இப்போதைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பீரோ மேலிருந்து அவை முறைத்துக்கொண்டே இருந்தால் கையில் இருப்பதும் ஓடாது.

பிள்ளைகள் விஷயம். உங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. லீவில் வீட்டுத் தறிக்கு ஒத்தாசை செய்கிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். ‘டீச்சர் ஐந்து சொன்னார்களே, ஒன்றுகூட ஆகவில்லையே’ என்று அவர்களில் பலர் இப்போது உங்களை நினைத்துத்தான் பயந்துகொண்டிருப்பார்கள். முதல் நாள் அவர்களைக் கேட்பதற்கு முன், கரும்பலகையில் 20 என்று எழுதி, பக்கத்தில் முடித்த எண்ணை எழுதுங்கள். இரண்டோ, மூன்றோ, எதுவானாலும் சரி. வத்தல், அணில் கதையையும் சொல்லுங்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டு வாருங்கள்.