வழக்கில் வென்றால் வக்கீல் ஃபீஸ் திரும்பி வருமா?

கேள்வி: திருச்சியில் ஒரு வீட்டுமனையை 40 லட்ச ரூபாய்க்கு வாங்க 2024 ஜூன் மாதம் கிரய ஒப்பந்தம் செய்து, பதிவும் செய்தோம். முன்பணமாக 12 லட்சம் கொடுத்தேன். கிரயம் முடிக்கக் கெடு ஆறு மாதம். மீதிப் பணத்துடன் நான் தயாராக இருந்தும், விலை ஏறிவிட்டதால் மனைக்காரர் பத்திரம் எழுதித் தர மறுக்கிறார். முன்பணத்துடன் 1 லட்சம் சேர்த்துத் தருவதாக இப்போது சொல்கிறார். அந்த மனை இன்று 48 லட்சம் போகும். வழக்கு நடத்த வழக்கறிஞர் 2 லட்சம் கேட்கிறார். "தவறு செய்த தரப்பினர் எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணம் முழுவதையும் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் இருப்பதால், எப்படியும் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும் என்று நினைக்கிறேன். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாமா என்பதைப் பிறகு பார்ப்போம். அந்த 2 லட்சம் திரும்பி வரும் என்ற கணக்கை மட்டும் முதலில் அழித்துவிடுங்கள்.

தோற்றவர் வென்றவருக்குச் செலவுத்தொகை தர வேண்டும் என்பதே நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு வகுத்துள்ள பொது விதி. அப்படித் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால், செலவுத்தொகை என்பது நீங்கள் உண்மையில் செலவழித்த தொகை அல்ல. வழக்கு முடிந்த ஒருவர் என்னிடம் தீர்ப்பாணை நகலைக் கொண்டுவந்து காட்டினார். அதன் கடைசிப் பக்கத்தில் வழக்குரை முத்திரை, வக்காலத்து முத்திரை, சம்மன் பேட்டா, வக்கீல் கட்டணம் என்று ஒரு சிறிய அட்டவணை இருந்தது. அவர் கொடுத்த ஃபீஸுக்கும் அந்தக் கடைசி வரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வழக்கின் மதிப்பை வைத்து விதிகளில் உள்ள அட்டவணைப்படி போடப்பட்ட தொகை அது. போதாக்குறைக்கு, "அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்" என்று முடியும் தீர்ப்புகளும் ஏராளம்.

இந்த நிலை சரியல்ல என்பது உச்ச நீதிமன்றத்துக்கும் தெரியும். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2005-இல் அளித்த தீர்ப்பில், வென்றவருக்கு நியாயமான உண்மைச் செலவு கிடைக்க வேண்டும், வழக்கறிஞர் கட்டணத்தோடு அவர் இழந்த நேரமும் பயணச் செலவும்கூட அதில் சேர வேண்டும் என்று அது சொன்னது. எனினும் விதிகள் அந்த அளவுக்கு மாறவில்லை. தில்லியில் ஒரு கட்டடக் குத்தகைத் தகராறில் உயர் நீதிமன்றம் 45 லட்சத்துக்கும் மேல் செலவுத்தொகை விதித்தபோது, நடப்பில் உள்ள சட்டமும் விதிகளும் அதற்கு இடம் தரவில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே அதை நீக்கியது. பொய்யான வாதம் செய்தவர்மீது 35-ஏ பிரிவின்கீழ் விதிக்கக்கூடிய இழப்பீட்டுச் செலவின் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976-இல் உயர்த்தப்பட்ட பிறகான தொகை இது! இதைக் கண்டு உங்கள் மனைக்காரர் அஞ்சப்போவதில்லை.

ஒப்பந்தத்தில் உள்ள அந்த வாசகம் அமெரிக்க மாதிரிப் படிவம் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அங்கே அவரவர் வழக்கறிஞர் கட்டணத்தை அவரவரே ஏற்பதுதான் பொது விதி என்பதால், அதை மாற்ற விரும்புவோர் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமாக எழுதினாலும் அது இரு தரப்புக்கும் பொருந்தும் என்று கலிஃபோர்னியாவின் சிவில் சட்டம் 1717-ஆம் பிரிவு சொல்கிறது. நம் நீதிமன்றத்தில் அந்த வாசகத்தை எடுத்துக்காட்டி வாதிடலாம், ஆனால் அது தானாகப் பணமாக மாறிவிடாது. தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே தனி நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன் கொண்டுபோகும் ஏற்பாடு இருந்தாலும், செலவை எப்படியாயினும் ஒரு தரப்பே ஏற்க வேண்டும் என்ற உடன்பாடு தகராறு எழுந்த பின் செய்யப்பட்டிருந்தால்தான் செல்லும் என்கிறது நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 31-ஏ பிரிவு. வணிக நீதிமன்றங்களில் வழக்கறிஞர் கட்டணத்தையும் சேர்த்துச் செலவுத்தொகை வழங்கச் சட்டத்திலேயே இடம் உண்டு என்றாலும், அசையாச் சொத்தைப் பொறுத்தவரை, வணிகத்துக்கு மட்டுமே பயன்பட்டுவரும் சொத்து பற்றிய தகராறுகள்தாம் அங்கே போக முடியும் என்பதால், காலி வீட்டுமனைக்கு அந்தக் கதவு திறக்காது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். கிரயம் எழுதித் தரக் கோரும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் கிரயத் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 40 லட்சத்துக்கு 1,20,000 ரூபாய். 2017 வரை இது 7.5 சதவீதமாக இருந்தது. செலவுத்தொகையுடன் தீர்ப்பு வந்தால் முழுதாகத் திரும்ப வாய்ப்புள்ளது இந்தத் தொகைதான். வழக்கறிஞருக்குத் தரும் 2 லட்சத்தில் அட்டவணைப்படி ஒரு பகுதி வந்தால் அதை எதிர்பாராத வரவாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு வந்தால் அதற்குத் தனி ஃபீஸ் உண்டு.

ஃபீஸைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. மீதி 28 லட்சத்தைச் செலுத்தத் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்தீர்கள், இருக்கிறீர்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ரொக்கமாக எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு அறிக்கையோ கடன் ஒப்புதல் கடிதமோ கையில் இருக்க வேண்டும். அதாவது, வழக்கு நடக்கும் ஆண்டுகள் முழுவதும் அந்தப் பணத்தை வேறொரு மனையில் நிம்மதியாகப் போட்டுவிட முடியாது. 8 லட்ச விலை ஏற்றத்துக்காக இதைத் தாங்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. வழக்குப் போடுவதாக இருந்தால், மாற்றுப் பரிகாரமாக முன்பணத்தை வட்டியுடன் திருப்பித் தரவும் வழக்குரையிலேயே கேளுங்கள். கேட்காததை நீதிமன்றம் தராது. கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு, அதாவது 2027 டிசம்பர் வரைதான் காலவரம்பு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், அந்த மனைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத பட்சத்தில், பேசி முடிக்கவே பார்ப்பேன். ஆனால் 1 லட்சத்துக்குச் சம்மதிக்க மாட்டேன். 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்றாலே 1,08,000 ரூபாய் ஆகிறது. முன்பணம் கொடுத்த நாளிலிருந்து பணம் கைக்கு வரும் நாள் வரை அந்த விகிதத்தில் வட்டியும், ஒப்பந்தப் பதிவுச் செலவும், இதுவரை வழக்கறிஞர் நோட்டீசுக்குக் கொடுத்ததும் கேளுங்கள். நீதிமன்றம் தராத வக்கீல் ஃபீஸைப் பேச்சுவார்த்தையில் வாங்கத் தடையேதும் இல்லை. உங்கள் ஒப்பந்தம் பதிவானது என்பதால் வில்லங்கச் சான்றில் அது தெரியும்; அதை ரத்து செய்யாமல் அவருக்கு வேறு நல்ல ஆள் கிடைப்பது கடினம். டிமாண்ட் டிராஃப்ட் கையில் வந்த அன்றுதான், சார்பதிவாளர் அலுவலகத்திலேயே, ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.

அவர் இறங்கி வராமல் வழக்குப் போட நேர்ந்தாலும் சமரசத்தின் வாசல் மூடிவிடாது. வழக்கு தொடங்கிய பின் இரு தரப்பும் தமக்குள் பேசி முடித்துக்கொண்டால்கூட முழு நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. எனவே அந்த 1,20,000 ரூபாய்க்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதல் சில வாய்தாக்களிலேயே அவருடைய வழக்கறிஞர் வழியாக மீண்டும் ஒருமுறை பேசிப் பாருங்கள்.