மடிப்பாக்கம் வாடகை வீட்டுக்கும் கொல்லிமலை டென்ட்டுக்கும் ஒரே பவர் ஸ்டேஷன் போதுமா?

மடிப்பாக்கத்துலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். முதல் மாடியில வாடகை வீடு, அம்மாவுக்கு அப்பப்ப நெபுலைசர் வைக்கணும், டிசம்பர் மழைல கரண்ட் போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது, லீவு கிடைச்சா கார்ல கொல்லிமலை ஏலகிரினு போய் டென்ட் போடுவாங்க. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன், அதாவது பிளக் வெச்ச பெரிய பேட்டரி பெட்டி, வாங்கலாம்னு பாத்தா ஒண்ணுல 80,000 எம்ஏஎச், 300 வாட்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 1024 வாட்-ஹவர், 1800 வாட்னு போட்டிருக்கு. எது ஃப்ரிட்ஜை ஓட்டும், இல்ல பொங்கலுக்கு அமெரிக்காலேர்ந்து வர்ற மச்சானை அங்கேர்ந்தே தூக்கிட்டு வரச் சொல்லிடலாமா?

மச்சான் மேட்டரை முதல்ல முடிச்சுடலாம், வேண்டாம். பயணிகள் விமானத்துல 160 வாட்-ஹவருக்கு மேல உள்ள லித்தியம் பேட்டரியை கைப்பையிலயும் ஏத்த மாட்டாங்க, செக்-இன்லயும் ஏத்த மாட்டாங்க, ஏர்போர்ட்லயே விட்டுட்டு வர வேண்டியதுதான். அப்படியே கப்பல்ல வந்தாலும் அங்க விக்கிற பெட்டி பெரும்பாலும் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் குடுக்கும், நம்ம ஃபேனும் ஃப்ரிட்ஜும் கேக்குறது 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்.

அடுத்து அந்த 80,000 எம்ஏஎச். பெரிய நம்பரா தெரியணும்னே இப்படி போடுறாங்க. உள்ள இருக்குற செல் 3.7 வோல்ட், அதால பெருக்கினா 296 வாட்-ஹவர், அவ்ளோதான் விஷயம். வாட்-ஹவர்தான் உள்ள எவ்ளோ கரண்ட் இருக்குனு சொல்றது, வெறும் வாட்ங்கறது ஒரே நேரத்துல எவ்ளோ லோடு தாங்கும்ங்கறது மட்டும். லேபிள்ல வாட்-ஹவரே இல்லேன்னா அந்த பெட்டியை தள்ளி வெச்சுடுங்க.

இப்ப உங்க வீட்டு ராத்திரியை எட்டு மணி நேரம்னு வெச்சு கணக்கு போடுவோம். சாதாரண சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட், எட்டு மணி நேரத்துக்கு 600. ரூட்டர் 10 வாட், அது 80. ரெண்டு 9 வாட் எல்இடி பல்பு நாலு மணி நேரம் எரிஞ்சா 72. மூணு போன் சார்ஜுக்கு ஒரு 60. நெபுலைசர் ஓடும்போது நூறு நூத்தம்பது வாட் இழுக்கும், ஆனா பத்து நிமிஷம்தானே, ஒரு தடவைக்கு 25ன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 837. பெட்டில உள்ளது முழுசா வெளிய வராது, 230 வோல்ட்டா மாத்தறதுல சுமாரா 15 சதவீதம் போயிடும், அப்ப கிட்டத்தட்ட 985 வாட்-ஹவர் வேணும். அதாவது ஒரே ஒரு ஃபேன் வெச்ச கணக்குக்கே 1024 பெட்டி காலி.

இதே வீட்ல அந்த ஃபேனை மட்டும் பிஎல்டிசி ஃபேனா (கம்மி கரண்ட்ல ஓடுற மோட்டார் வெச்சது) மாத்தினா 30 வாட்தான், ராத்திரிக்கு 240, மொத்த தேவை 560 சுமாருக்கு இறங்கிடும். மூவாயிரம் ரூபாய் சுமாருக்கு ஒரு ஃபேன் மாத்தினா பெட்டில பாதி மிச்சம், அதனால பவர் ஸ்டேஷன் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பெட்ரூம் ஃபேனை மாத்துங்கன்னுதான் நான் கேக்குற எல்லார்கிட்டயும் சொல்றது, வாடகை வீடுன்னா காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டு போயிடலாம்.

ரூட்டர்ல ஒரு விஷயம் பாருங்க, அடாப்டர்ல 12 வோல்ட் 1 ஆம்ப்னு போட்டிருக்கும். ஃபேன் ஓடாதப்ப அதை ஏசி பிளக்ல சொருகினா ரூட்டருக்காக மட்டுமே பெட்டி உள்ள 230 வோல்ட்டா மாத்துற இன்வெர்ட்டர் முழிச்சிருக்கணும், அது சும்மா இருக்கும்போதே பத்து பதினஞ்சு வாட் தின்னும், அதாவது ரூட்டர் அளவுக்கோ அதுக்கு மேலயோ. பவர் ஸ்டேஷன் பின்னாடி 12 வோல்ட் டிசி அவுட்புட் இருந்தா வோல்ட்டேஜும் பிளஸ் மைனஸும் சரியானு பாத்துட்டு நேரா அதுலயே குடுத்துடுங்க.

ஃப்ரிட்ஜுக்கு வருவோம். ஓடும்போது நூறு நூத்தம்பது வாட்தான் காட்டும், ஆனா கம்ப்ரெசர் கிளம்புற அந்த நொடியில அதைப் போல பல மடங்கு இழுக்கும், 300 வாட் பெட்டி அங்கயே ட்ரிப் ஆயிடும். 1800 வாட் பெட்டி தாங்கும். ஆனா ஃப்ரிட்ஜை ராத்திரி பூரா ஓட்டணும்னு இல்ல, கதவை திறக்காம வெச்சா நாலு மணி நேரம் குளிர் நிக்கும், நடுவுல ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினா போதும். மிக்ஸி கொஞ்ச நேரம் ஓட்டிக்கலாம், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன், மோட்டார், ஏசி இதையெல்லாம் மறந்துடுங்க. அவுட்புட் ப்யூர் சைன் வேவ்னு (வீட்டு கரண்ட் மாதிரியே சீரான அலை) எழுதியிருக்கணும், இல்லேன்னா ஃபேன் கர்ர்னு சத்தம் போடும், நெபுலைசர் மாதிரி மோட்டார் உள்ள சாமானும் சூடாகும்.

பேட்டரி எல்எஃப்பியானு (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) கண்டிப்பா பாருங்க. பழைய என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) வகை 500லேர்ந்து 800 சார்ஜ்லயே தளர ஆரம்பிக்கும், எல்எஃப்பி 3000 தாண்டும், சூட்டையும் நல்லா தாங்கும். இங்கதான் செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க ஏமாறுறாங்க, ஜாக்கரி கம்பெனியோட எக்ஸ்ப்ளோரர் 1000 பழசு என்எம்சி, அதே பேர்ல வந்த வி2 எல்எஃப்பி, பேரை மட்டும் பாத்து காசை குடுத்துடாதீங்க.

கேம்பிங்குக்கு உண்மையில இவ்ளோ பெரிசு தேவையே இல்ல. லைட்டு, போன், கேமரா, ஒரு குட்டி ஃபேன், இதுக்கு 300 வாட்-ஹவர் தாராளம். கெட்டில் மட்டும் கொண்டு போகாதீங்க, ஒரு லிட்டர் தண்ணி கொதிக்கவே 100 வாட்-ஹவர் போயிடும், சின்ன கேஸ் ஸ்டவ்ல டீ போடுங்க. ஒரு கிலோவாட்-ஹவர் பெட்டி 12 கிலோ கிட்ட இருக்கும், டிக்கிலேர்ந்து டென்ட் வரைக்கும் தூக்கலாம், மலை ஏற முடியாது. கார் சாக்கெட் 100 வாட் சுமாருக்குத்தான் குடுக்கும், சென்னைலேர்ந்து கொல்லிமலை போய்ச் சேர்றதுக்குள்ள பாதிக்கு மேல ஏறியிருக்கும். போய் இறங்கினதும் வெயில்ல மூடின கார்ல விட்டுட்டு ஊர் சுத்த போயிடாதீங்க, பேட்டரி ரொம்ப சூடானா சார்ஜே ஏறாது.

சோலார் பேனல் கூட வாங்கணுமான்னா, கேம்பிங்குக்கு ஓகே, புயலுக்கு நம்பாதீங்க. 100 வாட் பேனல் நல்ல வெயில்லயே 60, 70 வாட்தான் தரும், 2016ல வர்தா வந்தப்பவும் 2023ல மிக்ஜாம் வந்தப்பவும் வெயிலை எங்க தேடுறது? மழை எச்சரிக்கை வந்தா முந்தின நாளே ஃபுல் பண்ணி வெக்கிறதுதான் வழி. அதுவும் வேகமா ஏறுற மாடல் 1200 வாட் வரைக்கும் இழுக்கும், 16 ஆம்ப் சாக்கெட்ல சொருகுங்க. மாடியில போடுற பெரிய பேனலை இதுல மாட்டலாமானு கேப்பீங்க, அது ஒண்ணே 50 வோல்ட் கிட்ட வரும், பல பெட்டிக்கு 60 வோல்ட்தான் லிமிட், ரெண்டை சீரிஸ்ல போட்டா வோல்ட்டேஜ் ரெண்டும் கூடி உள்ள எரிஞ்சுடும்.

சொந்த வீடா இருந்து டென்ட் பழக்கமும் இல்லேன்னா நான் இதை வாங்கவே சொல்ல மாட்டேன். 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியோட சாதாரண இன்வெர்ட்டர் 1800 வாட்-ஹவர் கணக்கு வரும், விலையும் இதை விட ரொம்ப கம்மி. ஐம்பது கிலோவுக்கு மேல, தண்ணி ஊத்தணும், வயரிங்ல கை வெக்கணும், அதான் வாடகைக்கு ஒத்து வராது. உங்களுக்கு ரெண்டும் வேணும்ங்கறதால அந்த 1024 பெட்டியே எடுங்க, 300 வாட் பெட்டி உங்க வீட்டுக்கு பத்தாது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா செய்யக் கூடாது, ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச ஒயரை செஞ்சு பெட்டிலேர்ந்து வீட்டு சுவர் சாக்கெட்ல சொருகறது. அந்த கரண்ட் மீட்டர் வழியா வெளிய லைனுக்கு போகும், கம்பத்துல ஏறியிருக்குற ஆள் உயிருக்கே ஆபத்து. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல நேரா சாமானை மாட்டுங்க. உபயோகிக்காத மாசத்துல பாதிக்கு மேல சார்ஜோட வெச்சு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏத்துங்க. பெட்டி வந்த அன்னைக்கே ஃப்ரிட்ஜை மாட்டி கம்ப்ரெசர் நாலஞ்சு தடவை கிளம்புதானு பாத்துடுங்க, ட்ரிப் ஆனா ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள அனுப்பிடலாம்.